பிரெஞ்சு கடினமோ? ஆங்கிலம் எளிதோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கெலிஓயாவில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற தை மாதம் முதல் நாம் கண்டியில் ஒரு மாலை வகுப்பில் பிரெஞ்சு பயின்று வருகிறோம். ஒரு நாள் புத்தகமும் கையுமாய்க் கம்பளை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, சந்தியில் நின்ற சங்கப் பெரியவர் ஒருவர், “தம்பி, இங்கிலீசே நமக்கு இன்னும் வாய்க்குள் நுழையவில்லை. அதற்குள் பிரெஞ்சு எதற்கு?” என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டோம். ஆனால் அக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதிக்கு விடை சொல்லவே இன்று இம் மேடைக்கு வந்தோம்.

பிரெஞ்சுக்காரர் இம் மலைநாட்டுக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1672 ஆம் ஆண்டில் அவர்களுடைய கப்பற்படை திருகோணமலைக்கு வந்தது. அங்கிருந்து லனரோல் என்பவர் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனிடம் தூது வந்தார். அரசவை முறைகளை மதியாது நடந்தாரென்று மன்னன் சினந்து அவரைத் தடுத்து வைத்தான். இச் சங்கதியை, அதே மன்னனின் கைதியாயிருந்து தப்பிய றொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். டி லனரோல் என்னும் குடும்பப் பெயர் இன்றும் நம் நாட்டில் உண்டு. இப்பொழுதோ நம்மவரே அவர்கள் நாட்டில் குடியேறியிருக்கிறார்கள். பாரிஸ் மாநகரின் லா சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆண்டுதோறும் வீதியுலா வருகிறது. அத் தேர்வடம் பிடிப்போரின் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கிறார்களாம்.

கஷ்டங்களை முதலிலே சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். சூரியன் ஆண், சந்திரன் பெண். உயிரற்றதையெல்லாம் அஃறிணை என்று ஒதுக்கிவைத்த மொழியிலே பிறந்தவனுக்கு இது பெருஞ் சோதனை. ‘லீவ்ர்’ என்ற ஒரே சொல் ஆண்பாலானால் புத்தகம், பெண்பாலானால் இறாத்தல்! எண்களோ இன்னும் மோசம். எழுபதை ‘அறுபது பத்து’ என்பார்கள். எண்பது ‘நாலிருபது’. தொண்ணூற்றொன்பது ‘நாலிருபது பத்தொன்பது’. சந்தைக்குப் போனால் கணக்குப் பார்த்தபின்தான் விலை கேட்கலாம். பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுவோர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள் என்று அறிந்த நாள் முதல் அந் நாட்டார்மீது எமக்குத் தனி மரியாதை. இனி, எழுத்தைப் பார்ப்போம். பச்சை, கண்ணாடி, புழு, ‘நோக்கி’ ஆகிய நான்குக்கும் பிரெஞ்சில் எழுத்து வேறு வேறு. உச்சரிப்பு மட்டும் ஒன்றே. கிட்டத்தட்ட நம்முடைய ‘வேர்’ என்னும் சொல்லைப் போல ஒலிக்கும்.

இவ்வளவு சொன்னபின் ஆங்கிலம் எளிதென்று பெரியவர் மகிழ வேண்டாம். ஓ, யு, ஜி, எச் என்னும் நான்கெழுத்தைப் பாருங்கள். ஒரு சொல்லில் ‘ஓ’ என ஒலிக்கும், இன்னொன்றில் ‘ஊ’, மூன்றாவதில் ‘அவ்’, இருமலைக் குறிக்கும் சொல்லில் ‘ஆஃப்’. பிரெஞ்சில் எழுதாத ஒலி இல்லாவிட்டாலும் ஒலிக்காத எழுத்து ஏராளம். ஆயினும் விதியை ஒருமுறை கற்றால் பெரும்பாலான சொற்களைக் கண்டவுடன் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த உத்தரவாதம் குறைவு. தவிர, 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆங்கிலத்தில் பாதி வீடு பிரெஞ்சுச் சாமான்களால் நிறைந்தது. உயிரோடு மேயும்போது ஆடு ஆங்கிலேயருக்கு ‘ஷீப்’. சட்டிக்குள் போனதும் பிரெஞ்சு வழிவந்த ‘மட்டன்’. (சைவ மேடையில் இவ்வுதாரணத்துக்குப் பெரியோர் பொறுத்தருள்க.)

தமிழனுக்குப் பிரெஞ்சில் சில சலுகைகளும் உண்டு. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு அங்கேயும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது மறந்துபோயிற்று. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று வினைச்சொல் ஆளுக்கேற்ப ஈறு மாறுவது நமக்குப் புதிதன்று. இரு சொற்கள் அடுத்து வரும்போது இடையில் ஓர் ஒலி தோன்றி அவற்றை ஒட்டவைக்கும். அதைக் கேட்டபோது பள்ளிக்கூடத்துப் புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் வியப்பு, மூக்கொலி. வகுப்பில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். தோட்டத்துப் பேச்சில் ‘மரம்’ என்பதன் கடைசி எழுத்தை உதடு மூடாமல் எப்படிச் சொல்கிறோமோ, ஏறக்குறைய அதுதான் அது.

அப்படியானால் கடினம் எங்கே இருக்கிறது? அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்க்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் பிரெஞ்சுக்கு 30 வாரமும் தமிழுக்கு 44 வாரமும் ஒதுக்குகிறது. நாம் தொட்டிலிலே கேட்ட மொழி அவர்களுக்குப் பிரெஞ்சைவிடக் கடினம்! புறப்படும் இடத்தைப் பொறுத்தே தூரம் இருக்கிறது. நாம் ஐந்து வயதில் மிஷன் பாடசாலையில் சேர்க்கப்பட்டோம். காலைக் கூட்டத்தில் பொருள் தெரியாமலே ஆங்கிலக் கீதம் பாடினோம். மாலையில் பாட்டியோடு தேவாரம். பன்னிரண்டு வருடம் காதில் விழுந்த பாஷையை ‘எளிது’ என்கிறோம். ஒரு வருடம்கூட ஆகாத பாஷையைக் ‘கடினம்’ என்கிறோம்.

இவ்வுண்மையை எமக்குப் புத்தகம் கற்பிக்கவில்லை. நமது சங்கத்தின் ஞாயிறு ஆங்கில வகுப்புக்குத் தோட்டத்திலிருந்து வரும் தங்கை ஒருத்தி, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்னும் சொல்லை முதலெழுத்தோடு சேர்த்து ‘க்னைஃப்’ என்று வாசித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறோம், நாமும் சிரித்தோம். “அண்ணா, வாசிக்காத எழுத்தை ஏன் எழுதவேணும்?” என்றாள். “அது அப்படித்தான், பாடமாக்கு” என்றோம். அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை.

அந்த வாரமே கண்டி வகுப்பில் பாரிஸ் என்ற பெயரை ஈற்றெழுத்தோடு வாசித்து நாமும் சிரிப்புக்கு ஆளானோம். ‘பரி’ என்று சொல்லவேண்டுமாம். பின்னர் ஒரு நாள் பிரெஞ்சு அகராதியில் பேனாக்கத்திக்கு ‘கனிஃப்’ என்ற சொல்லைக் கண்டோம். தேடிப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். ஆங்கிலேயரும் முற்காலத்தில் அந்த முதலெழுத்தை வாய்விட்டே சொன்னார்கள். நாக்கு அதை விட்டுவிட்டது, பேனா விடவில்லை. தங்கை வாசித்தது பிழையன்று. சில நூற்றாண்டு பிந்திவிட்டது, அவ்வளவே.

அன்று மாலையே லயத்துக்கு ஏறிப்போனோம். அவள் தாயார், “அவளுக்கு இங்கிலீசு வராதாம் தம்பி, விட்டுருங்க” என்றார். திண்ணையில் இருந்து கத்தியின் கதையைச் சொன்னோம். தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மறு ஞாயிறு வந்தாள், கையில் ஒரு தாளோடு. அதில் வாயில் வராத எழுத்துள்ள பதினொரு சொற்கள். இரண்டுக்குத்தான் எமக்குக் காரணம் தெரிந்தது.

ஆகையால் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டக் கந்தோர்களில் கிளாக்கராயிருந்து ஓய்வு பெற்றவர்கள் இச் சபையில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் புத்தகத்தில் அல்ல, வாயில் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டதேயில்லை. இலக்கணம் நாம் நடத்திக்கொள்கிறோம். நீங்கள் வந்திருந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். வகுப்பு ஞாயிறு மாலை மூன்றரை மணிக்கு. சந்தியில் கேள்வி கேட்ட பெரியவரும் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.