அடுக்கி வைத்தால் பேசும் படங்கள்

 

இன்று உங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் கிடக்கும் புகைப்படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

ஒரு படம் தனியாக அசையாது. முறையோடு அடுக்கினால் அசைவது போலத் தோன்றும். ஓடுகிற குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா? கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே நூல் கட்டினார். குதிரை நூலை அறுத்துக்கொண்டு ஓட ஓட, கேமராக்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தன. கால்கள் நான்கும் எழும்புவது உண்மையென்று அந்த வரிசை காட்டிவிட்டது. பின்னாளில் விநாடிக்கு 24 படம் ஓடும் சினிமாவும் இந்த வழியில் வந்ததுதான்.

அசைவு மட்டுமா? கதையும் வரிசையில்தான் இருக்கிறது. 1962-இல் பிரான்சு நாட்டுக் கிறிஸ் மார்க்கர் 'லா ஜெத்தே' என்ற 28 நிமிடப் படத்தை, ஓரிடம் தவிர, நின்ற படங்களைக் கொண்டே எடுத்தார். பார்ப்பவர் மனம் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது.

நம் காட்டையே எடுத்துக்கொள்வோமே. பால் நிறைந்த மங்கு ஒரு படம். கொட்டும் மழை ஒரு படம். காலி வாளியோடு நிற்கும் அம்மா ஒரு படம். இப்படி அடுக்கினால், அன்றைய உழைப்பு மழையில் போன கதை. மழை, காலி வாளி, நிறைந்த மங்கு என்று மாற்றிப் பாருங்கள். கஷ்டத்துக்குப் பின் விடிந்த கதை! படம் அதேதான், முறைதான் வேறு.

மாணவர்களே, நீங்களும் செய்து பாருங்கள். முதலில் தூரத்திலிருந்து லயத்தைக் காட்டுங்கள், பிறகு ஆளை, பிறகு உளி பிடித்த கையை. ஒரு படத்தில் இடமிருந்து வலமாக நடப்பவர் அடுத்ததிலும் அப்படியே நடக்கட்டும். இல்லையென்றால் திரும்பி வருகிறார் போலத் தெரியும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோயில் திருவிழா, கல்யாணம், பெரட்டுக் களம் என்று டின்னில் கலந்து கிடக்கும் படங்களில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர்கள் நம் தாத்தா பாட்டிகள்தாம். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பெயரையும் ஆண்டையும் எழுதி வரிசைப்படுத்தி ஒட்டுங்கள். மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களின் கதையை வெளியார் யாரும் வந்து நமக்காக அடுக்கித் தர மாட்டார்கள். அது நம் வேலை.