இராவுணவும் இரண்டு வயதுப் பிள்ளையும்



அந்தமானிலே பொழுது விரைவாகச் சாய்ந்துவிடும். கார்த்திகை மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான்; கோடையிலும் ஆறு மணியைத் தாண்டுவதில்லை. சென்னைக் கடற்கரையில் வெயில் இன்னும் இறங்காத நேரத்தில் இங்கே வீடுகளில் விளக்கு ஏற்றியாகிவிடுகிறது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் கிழக்கே வெகு தொலைவு தள்ளிக் கிடக்கும் இத்தீவுகளுக்குச் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி வருகிறான். அவ்வாறே முந்திப் போகிறான்.

இதற்கும் குழந்தையின் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நெருங்கிய தொடர்பு உண்டு. குழந்தையின் வயிறும் உறக்கமும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; வெளிச்சத்தையே பார்க்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட்ட பிள்ளைக்கு மாலை ஆறு, ஆறரை மணிக்குள் பசியும் அயர்ச்சியும் ஒருங்கே வந்துவிடுகின்றன. பெரியவர்களோ சொந்த ஊரில் பழகிய ஒன்பது மணிச் சாப்பாட்டை இங்கும் விடுவதில்லை. இடையில் எழும் அழுகையை அமர்த்த ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கப்படுகின்றன. ஒன்பது மணிக்குத் தட்டு வைக்கும்போது பிள்ளைக்குப் பசியும் இல்லை. கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. வாயை இறுக மூடிக்கொள்கிறது. "அடம் பிடிக்கிறான்" என்று தீர்ப்பாகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இந்த 'அடம்' என்னும் சொல்லின்மேல் ஒரு கண் உண்டு. ஆங்கிலத்தில் இத்தகைய பிள்ளையைப் பொறுக்கி உண்பவன் என்னும் பொருள்படக் கூறுவர். அச்சொல் பிள்ளையின் விருப்பத்தைச் சுட்டுகிறது. நம் சொல்லோ அதன்மேல் குற்றம் சாட்டுகிறது. அடம் என்று பெயரிட்டுவிட்டால், அதை அடக்குவதே அடுத்த வேலையாகிறது. சாப்பாட்டு வேளை வழக்காடு மன்றமாக மாறுவது அப்போதுதான்.

உண்மையில் நடப்பது என்ன? பிறக்கும்போது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டு நிறையும்போது ஒன்பது கிலோவை எட்டுகிறது. முதலாண்டில் மட்டும் ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு அல்லது இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்? சென்ற ஆண்டு கிண்ணம் நிறைய உண்ட பிள்ளை இவ்வாண்டு நாலு வாயோடு எழுந்து போகிறதே என்று தாய் திகைக்கிறாள். பிள்ளை தன் உடம்பின் கணக்குப்படி நடக்கிறது. இதே பருவத்தில்தான், அறியாத உணவைக் கண்டு ஒதுங்கும் இயல்பும் தலைதூக்குகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை, கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் தன்னைக் காத்துக்கொள்ள இயற்கை அளித்த அச்சம் இது என்று அறிஞர் கருதுகின்றனர். பள்ளிப் பருவத்தை நெருங்கும்போது பெரும்பாலான பிள்ளைகளிடம் இது தணிந்துவிடும்.

இங்கு வாழும் தமிழ்த் தாய்மாருக்கு இந்த எளிய செய்தியைச் சொல்ல அருகில் ஆளில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரின் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாளில்லை. ஆயினும் பணியின் பொருட்டு வந்த இளங்குடும்பங்களில் பாட்டிமார் இல்லை. அவர்கள் மதுரையிலும் தஞ்சையிலும் இருந்துகொண்டு கைப்பேசித் திரையில் பேரனைப் பார்த்து, "இளைத்துப் போய்விட்டானே, நீ சரியாக ஊட்டுவதில்லையா?" என்கிறார்கள். அன்பில் பிறந்த கேள்விதான். ஆனால் கடலுக்கு இப்பால், அன்று இரவே, அக்கேள்வி இரண்டு வாய்ச் சோறாகப் பிள்ளையின் தொண்டைக்குள் வலிந்து இறக்கப்படுகிறது. தில்லியிலும் மும்பையிலும் உள்ள குடும்பங்களுக்கும் இது புதிதாக இராது.

இன்னொரு நெருக்கடி தீவுக்கே உரியது. காய்கறிகளில் பலவும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல் கடந்து வரவேண்டும். சென்னையிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் பிந்தினால் காரட்டும் பீன்ஸும் எட்டாக்கனியாகிவிடுகின்றன. அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, வேகவைத்து, மசித்துக் கொடுத்ததைப் பிள்ளை துப்பினால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? புதிய உணவைக் குழந்தை ஏற்பதற்கு அதைப் பத்து, பதினைந்து தடவைகூடக் காட்டவேண்டியிருக்கும் என்பது ஆராய்ச்சியில் தெளிவான செய்தி. மூன்றாம் தடவையில் பெற்றோர் கைவிட்டுவிடுகின்றனர். விலையுயர்ந்த காயைப் பதினைந்து தடவை வீணாக்க யாரால் முடியும்?

ஆகவே அந்தப் பதினைந்து தடவைக்கும் தீவு தரும் பொருளையே நாடுவது நலம். வாழையும் பப்பாளியும் தென்னையும் இங்கே தாராளம். மரவள்ளியும் கீரையும் கொல்லையிலேயே வளரும். மீனுக்கோ கேட்கவேண்டியதில்லை. அண்டை வீட்டு வங்காளப் பெண்மணிகள் மீனின் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுக்கும் பக்குவம் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது. அளவு மிகச் சிறிதாக இருக்கட்டும். ஒரு தேக்கரண்டிக் கீரை, தட்டின் ஓரத்தில். தின்றால் மகிழ்ச்சி, தொட்டுப் பார்த்தாலும் ஒரு தடவை கணக்கில் ஏறிவிட்டது. அதன் அருகில், பிள்ளை எப்போதும் உண்ணும் தயிர்ச்சோறோ இட்லியோ ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். அப்படி ஒன்றிருந்தால் பட்டினியாகப் படுக்குமே என்ற கவலை பெற்றோருக்கு இல்லை. தனிச் சமையலும் வேண்டியதில்லை.

பிள்ளை தானே அளவறிந்து உண்ணுமா என்ற ஐயம் எழும். அமெரிக்க நாட்டில் டாக்டர் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவப் பெண்மணி 1926-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஒரு சோதனை நடத்தினார். தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் பதினைந்து பேரின் முன் முப்பதுக்கு மேற்பட்ட உணவுகளிலிருந்து வேளைக்குச் சிலவாக வைக்கப்பட்டன. செவிலியர் கரண்டியோடு வாய் பேசாமல் அமர்ந்திருப்பர். குழந்தை கை நீட்டினால் மட்டுமே கொடுப்பர். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக, ஒரு நாள் ஒன்றையே மிகுதியாகவும் மறுநாள் வேறொன்றையும் உண்டது. ஆயினும் எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். இதைக் கேட்டதும், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1939-இல் வெளியிட்ட கட்டுரையில் டேவிஸ் அம்மையாரே சோதனையின் சூட்சுமத்தைச் சொல்லிவிட்டார்: வைத்தவை யாவும் நல்ல, இயற்கையான உணவுகள், சர்க்கரை அவற்றில் இல்லை. தேர்ந்தெடுத்து வைத்தவர் பெரியவர்; எவ்வளவு என்று முடிவு செய்தது குழந்தை.

1980-களில் எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் வல்லுநர் இந்தப் பங்கீட்டையே ஒரு முறையாக வகுத்தார். எதை, எப்போது, எங்கே என்பன பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பன குழந்தையின் உரிமை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதன் தலைகீழ். எப்போது வேண்டுமானாலும் எது கேட்டாலும் கிடைக்கிறது. எவ்வளவு என்பதில் மட்டும் விடாப்பிடி.

இந்தத் தீவிலே நடைமுறை இப்படி இருக்கலாம். ஆறரை மணிக்குள் பிள்ளையின் சாப்பாடு. அதற்கு முன் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். தாயோ தந்தையோ ஒருவராவது கூட அமர்ந்து, அதே உணவில் கொஞ்சமேனும் உண்ணவேண்டும். பிள்ளை சொல்லைவிட முகத்தையே நம்பும். கையாலேயே எடுத்து உண்ணட்டும். சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடை நம்பி இன்பமாகவே பாடினான். தரையைத் துடைக்கும் வேலை அவனுக்கு இருந்திராது என்பது வேறு கதை. இருபது நிமிடம் கழிந்தபின் தட்டை எடுத்துவிடலாம், ஒரு சொல்லும் சொல்லாமல். "கீரை தின்றால் மிட்டாய்" என்ற பேரம் கூடாது. அப்பேரம், கீரை தண்டனை என்றும் மிட்டாய் பரிசு என்றும் கற்பித்துவிடும். கைப்பேசிப் படத்தைக் காட்டி ஊட்டினால் கிண்ணம் காலியாகும். வயிறு நிறைந்ததை உணரும் பழக்கமும் அதனோடு போய்விடும். நிலாவைக் காட்டி ஊட்டியதும் இதுதானே என்பர் சிலர். நிலா மேகத்துள் மறையும். அதைக் காட்டியவள் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

பாலைப் பற்றி ஒரு சொல். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் குறையும். இரும்புச் சத்தும் குறையும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. ஆகவே மீன், முட்டை, எலுமிச்சைச்சாறு பிழிந்த கீரை ஆகியவற்றை விடாமல் தட்டில் வைக்கவேண்டும். முழு நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகா, தொண்டையில் அடைக்கும்.

அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். கோடு மேல்நோக்கிச் சென்றால், பாட்டி கேட்கும்போது அந்த அட்டையையே திரையில் காட்டிவிடலாம். கோடு சில மாதம் படுத்தே கிடந்தாலோ, இறங்கினாலோ, விழுங்கும்போது இருமலும் திணறலும் வந்தாலோ, உண்ணும் பொருள் நாலைந்தாகச் சுருங்கி அவையும் ஒவ்வொன்றாகக் கழிந்தாலோ, அது பொறுத்திருந்து பார்க்கும் காரியமன்று. மருத்துவமனைக்குப் போகும்போது எடை அட்டையையும், ஒரு வாரம் பிள்ளை உண்டதையும் குடித்ததையும் வேளைவாரியாக எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குடித்த பாலின் அளவையும் மறவாமல் எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பனவற்றுள் அதுவும் ஒன்று.