எதிர்க்காற்றில் ஒரு பயணம்



ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலண்டனுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 1947-இல் சிட்னியிலிருந்து இலண்டன் சென்ற விமானம் வழியில் பல ஊர்களில் இறங்கி, நான்கு நாள்கள் எடுத்துக்கொண்டது. 2018 மார்ச் முதல், பெர்த்திலிருந்து எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 17 மணி நேரத்தில் இலண்டன் போய்விடுகிறோம்.

திரும்பும்போது, அதே தொலைவுக்கு நேரம் சற்றுக் குறைகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, போகும்போது விமானத்தை எதிர்க்கிறது. வரும்போது பின்னிருந்து தள்ளுகிறது.

நம் உறவுகளிலும் இப்படித்தான். பேச்சு நின்றுபோன அண்ணன் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கும். நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் போய்ச் சேர நமக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. 'முதலில் நாம் ஏன் போக வேண்டும்?' என்ற வீம்பு எதிர்க்காற்றாக வீசுகிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரிடம் போகச் சொல்கிறார் இயேசு. அவர் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

காற்று அடங்கட்டும் என்றிருந்தால் எந்த விமானமும் இலண்டன் சேராது. இந்த வாரம் அந்த ஐந்து நிமிடத்தை நடப்போம். திரும்பும் வழி நமக்கு எளிதாயிருக்கும்.