குரங்கணியில் ஒரு நாள்: கேமரா பைக்குள்ளயே இருந்த கதை

"சென்னையில ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர்னு நடந்தே படம் எடுக்கிறீங்க, வெளியூர் போனா என்ன பண்ணுவீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதேதான், நடக்கிறதுதான். இந்த தை மாசம் அப்படி நடந்த ஊர் போடிநாயக்கனூரும், அங்கிருந்து 16 கிலோமீட்டர்ல இருக்கிற குரங்கணியும்.

அகலப்பாதை வேலைக்காக 12 வருஷத்துக்கு மேல மூடிக் கிடந்த போடி ரயில் பாதை, 2023 ஜூன்ல திறந்தது. இப்போ சென்னையில ஏறிப் படுத்தா காலையில போடி. ஸ்டேஷன்ல இருந்து நடக்க ஆரம்பிச்சா, கடைத்தெருவுக்கு வழி கேட்கவே வேண்டாம். ஏலக்காய் வாசனையே கூட்டிட்டுப் போகும்.

ஒரு கடையில பெண்கள் வரிசையா உட்கார்ந்து காயைத் தரம் பிரிச்சிட்டு இருந்தாங்க. படம் எடுக்கலாமான்னு கேட்டேன். "மூஞ்சி வேணாம், கையை மட்டும் எடுத்துக்கோங்க"ன்னாங்க ஒரு அக்கா. கையை மட்டும்தான் எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சத்துல ஏலக்காயோட பச்சை மாறித் தெரியும். ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணிட்டு எடுங்க.

மதியம் பஸ்ல குரங்கணி. மேல பார்த்தா மலை, அதுக்கு அந்தப் பக்கம் மூணாறு. ரயிலே வராத இந்த மலையில டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன்னு பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? எல்லாம் ரோப்வே ஸ்டேஷன்கள். நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பியில தொங்கவிட்டு இந்த அடிவாரத்துக்கு இறக்கினாங்க. அப்புறம் மாட்டுவண்டியில போடிக்கு. 1924 வெள்ளம் மூணாறு பக்கத்து ரயிலை அடிச்சிட்டுப் போயிடுச்சு. பேரு மட்டும் நின்னுடுச்சு.

இந்தக் கதையைப் படமா எடுக்கணும்னு லென்ஸ் மாத்திட்டு இருந்தேன். டீக்கடை அக்கா கேட்டாங்க: "ஏன் தம்பி, நீயும் அந்த எரிஞ்ச மலையைப் படம் எடுக்கத்தான் வந்தியா?"

எனக்குப் பதில் வரல.

2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கம் ட்ரெக்கிங் போயிட்டு இறங்கிட்டு இருந்தவங்க காட்டுத்தீயில சிக்கினாங்க. 23 பேர் இறந்துபோனாங்க. காய்ஞ்ச புல் சரிவுல தீ மேல் நோக்கி ஏறும்போது, மனுஷன் ஓடுற வேகமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு முதல்ல மேல ஓடினவங்கள்ல இந்த ஊர்க்காரங்களும் உண்டு. "அதுக்கப்புறம் கேமராவா வந்துச்சு. எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் தீதான் ஞாபகம் வருது"ன்னாங்க அக்கா.

உண்மையைச் சொல்லணும்னா, நானும் அந்தச் சரிவு எந்தப் பக்கம்னு மனசுக்குள்ள தேடிட்டுதான் இருந்தேன். கேமராவைப் பைக்குள்ள வச்சேன். இன்னொரு டீ சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம். மிளகு விலை, யானை, காலேஜ் படிக்கிற பையன்னு என்னென்னவோ. கிளம்பும்போது அவங்களே சொன்னாங்க: "கடையை ஒரு படம் எடு தம்பி. பிரிண்ட் போட்டு அனுப்பணும், ஆமா."

அந்த ஊர்ல நான் எடுத்தது அந்த ஒரே படம்தான். பிரிண்ட்டும் அனுப்பிட்டேன்.

கார்ல போயிருந்தா அந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டிருக்க மாட்டாங்க. நடந்து போறவன்கிட்டதான் ஊரு பேசும். நாம எதை எடுக்க வந்தோம்னு கேட்கவும் செய்யும்.

கடைசியா ஒண்ணு. அங்க மலையேறணும்னா வனத்துறை அனுமதி கண்டிப்பா வேணும். கோடையில பாதையை மூடினா, "கொஞ்ச தூரம்தானே"ன்னு உள்ள போகாதீங்க. நான் அன்னைக்கு ரோட்டைத் தாண்டவே இல்ல. படம் எதுவும் குறைஞ்சு போயிடல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். நடங்க, நின்னு பேசுங்க, அப்புறம் எடுங்க.