கண் தெரிவதும் கண் உழைப்பதும்

(திருப்பதியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன்; பொருளாதாரம் பயின்று, மத்திய அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். கண்ணைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மனித உழைப்பே நாட்டின் முதல் மூலதனம் என்று பொருளாதார நூல்கள் கூறுகின்றன. அவ்வுழைப்பின் பெரும்பகுதி கண்ணின் துணையால் நடைபெறுவதை அவை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன். மற்றொரு காரணமும் உண்டு; அது என் வீட்டைச் சேர்ந்தது.

1911-ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தூரில், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய தெருவொன்றில் நாங்கள் வளர்ந்தோம். என் தங்கை கேட்டதை மறவாதவள். ஆயினும் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கால் மணி நேரத்தில் தலைவலி என்பாள். வரி தப்பிவிட்டது என்பாள். எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்பாள். பள்ளியில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். கடைசி வரி வரை தடையின்றிப் படித்துக் காட்டினாள். “கண்ணில் குறையில்லை, படிக்க மனமில்லை” என்று முடிவாயிற்று. அம்முடிவைப் பெற்றோர் ஏற்றனர். அண்ணனாகிய நானும் ஏற்றேன். ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது.

பல ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய மகளும் அதே சொற்களைச் சொன்னாள். இம்முறை தங்கை பொறுத்திருக்கவில்லை. கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஒரு பென்சில் முனையைச் சிறுமியின் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார்கள். பென்சில் சற்றுத் தொலைவில் இருக்கும்போதே ஒரு கண் வெளிப்புறம் விலகிவிட்டது. இரண்டு நிமிடங்கள்கூடப் பிடிக்காத சோதனை அது.

அட்டை கூறாத செய்தி

ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டையே இன்றளவும் கண் பரிசோதனையின் அடிப்படை. அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் ஆறு மீட்டர் தொலைவிலுள்ள எழுத்தை ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே காண்கிறதா என்பதையே அது அளக்கிறது. மாணவனின் வேலையோ கைக்கெட்டும் தொலைவில், மணிக்கணக்கில், இரு கண்களாலும் நடைபெறுவது. அருகிலுள்ள எழுத்தைக் காண இரு கண்களும் உட்புறமாகத் திரும்பிக் குவிதல் வேண்டும். கண்ணின் வில்லை அத்தொலைவிற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பார்வை வரி பிறழாது நகர்தல் வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் எழுத்து தெரியும். ஆனால் நீடித்துப் படிக்க இயலாது. கண் தெரிவது ஒன்று. கண் உழைப்பது மற்றொன்று.

இக்குறை அரிதானதும் அன்று. தமிழ்நாட்டில் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளி மாணவர் 920 பேரிடம் சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. மாறுகண் இல்லாதிருந்தும் இரு கண்களும் இணைந்து செயற்படுவதில் குறையுடையோர் நகர்ப்புறத்தில் 31.5 விழுக்காடு, கிராமப்புறத்தில் 29.6 விழுக்காடு. குவியும் திறன் குறைந்தோர் மட்டும் முறையே 16.5, 17.6 விழுக்காடு. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஆறேழு பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இவர்கள் அனைவருக்கும் சிகிச்சை தேவைப்படும் என்பதன்று. சோதித்துப் பார்க்கத் தேவையுண்டு என்பதே கருத்து.

பயிற்சியின் பயனும் எல்லையும்

பார்வைப் பயிற்சி என்ற சிகிச்சை இங்கேதான் பயன்படுகிறது. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள, குவிதல் குறைபாடுடைய 221 பேரிடம் 12 வாரங்கள் நடைபெற்ற ஆய்வு 2008-இல் வெளியிடப்பட்டது. மருத்துவமனையில் வாரந்தோறும் பயிற்சியும் வீட்டில் தொடர்பயிற்சியும் பெற்றோரில் 73 விழுக்காட்டினர் குணமோ முன்னேற்றமோ கண்டனர். வீட்டில் பென்சிலைக் கொண்டு மட்டும் பயின்றோரில் இது 43 விழுக்காடு. பயிற்சி போன்று தோன்றும் போலிப் பயிற்சி பெற்றோரில் 35 விழுக்காடு.

இத்துடன் நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மையையே கூறியவனாவேன். 2019-இல் 311 சிறுவர்களிடம் நடந்த அடுத்த ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. பயிற்சியால் கண்களின் குவியும் திறன் தெளிவாகக் கூடியது. ஆனால் தொல்லைகள் குறைந்ததிலும், படித்துப் பொருளறியும் திறனிலும், போலிப் பயிற்சி பெற்றோரைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க மேம்பாடு இல்லை. கண்ணைச் சீர்செய்தால் கல்வி தானே வந்துவிடாது; அதற்கு ஆசிரியரும் புத்தகமும் நேரமும் வேண்டும். என் தங்கை மகளும் பன்னிரண்டு வாரங்கள் பயின்றாள். அவளுடைய மதிப்பெண் உயர்ந்தது என்று நான் கூற மாட்டேன். தலைவலியின்றி ஒரு மணி நேரம் அமர்ந்து படிக்க முடிந்தது என்பேன்.

‘சோம்பேறிக் கண்’ எனப்படும் குறையில் வழி மேலும் எளிது. ஏற்ற கண்ணாடி அணிவித்து, நன்றாக உள்ள கண்ணைச் சிறிது நேரம் மூடி, தளர்ந்த கண்ணை உழைக்கச் செய்வதே முறை. ஏழு வயதுக்கு உட்பட்டோரின் நடுத்தரக் குறைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மூடுவது, ஆறு மணி நேரம் மூடுவதற்கு ஈடான பயனைத் தருவதாக 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. காலம் தாழ்ந்தால் பயனும் குறையும்.

ஆனால் கண்ணாடியையே விட்டொழிக்கப் பயிற்சி உண்டு என்று கூறுவோரை நம்பிப் பொருளை இழக்க வேண்டாம். கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி நீண்டுவிடுகிறது. நீண்ட விழியை எப்பயிற்சியும் குறுக்காது. அதற்குக் கண்ணாடியே தக்க வழி.

உழைப்போர் கண்கள்

பள்ளியை விட்டுத் தொழிலிடத்திற்கு வருவோம். அண்மையில் திருக்காளத்தியில் கலம்காரிக் கலைஞர் ஒருவரைக் கண்டேன். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியின்மீது மூங்கில் கலத்தால் கோடிழுப்பது அவர் தொழில். வயது நாற்பத்தைந்தைக் கடந்தவர். கை நடுங்கவில்லை, ஆனால் கலத்தின் நுனி தெரியவில்லை. முகம் தீட்டும் வேலையை மகனிடம் விட்டுவிட்டு, துணி அலசும் வேலையைத் தாம் மேற்கொண்டிருந்தார். கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்ற அச்சம் அவருக்கு. நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று பெயரிட்ட இக்குறை நோயன்று. நாற்பதுக்கு மேல் எவருக்கும் வருவது. இதற்குப் பயிற்சி தேவையில்லை. விலை குறைந்த ஒரு கண்ணாடி போதும். நகரி, புத்தூர்ப் பகுதியின் விசைத்தறிகளில் அறுந்த இழையைத் தேடிப் பிணைப்போருக்கும் இது பொருந்தும்.

இதன் பொருளாதார மதிப்பும் அளந்தறியப்பட்டுள்ளது. அசாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர் 751 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றோரின் பறிப்புத் திறன், பெறாதோரினும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடிற்று. வங்கதேசத்தில் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் வருவாய் 33 விழுக்காடு உயர்ந்தது. இவ்வளவு சிறு முதலீட்டில் இத்தகைய பலன் தரும் திட்டங்கள், என் பணிக்காலத்தில் நான் ஆய்ந்த கோப்புகளில் மிகச் சிலவே.

செய்யத்தக்கவை

பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கிற்று. பள்ளி மாணவர் கண் பரிசோதனை அதன் ஓர் அங்கம். ஆந்திரப் பிரதேசத்தில் 2019 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘கண்டி வெலுகு’ திட்டமும் பள்ளி மாணவர்களிடமிருந்தே தொடங்கியது. ஆகவே புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை; இருப்பதனுடன் மூன்றைச் சேர்த்தால் போதும்.

முதலாவது, எழுத்து அட்டையோடு பென்சில் சோதனையும் நடத்தப்பெற வேண்டும். மூக்கிலிருந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை முனை ஒன்றாகத் தெரியாவிடில், அம்மாணவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர் செய்யத்தக்கது அனுப்புவது மட்டுமே; நோயை முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு. இரண்டாவது, “படிக்கும்போது தலை வலிக்கிறதா, எழுத்து இரண்டாகிறதா?” என்ற கேள்வியை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்க வேண்டும். மூன்றாவது, கைத்தொழில் புரிவோருக்கு நாற்பது வயதில் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கிடைக்க வழி செய்ய வேண்டும். அனுப்பும் இடத்திற்கும் குறைவில்லை. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திருப்பதியிலும் இயங்குகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள், அலுவலராவீர்கள். ஒரு குழந்தையைச் ‘சோம்பேறி’ என்று ஏட்டில் எழுதும் அதிகாரம் உங்களுக்குக் கிட்டும். அதை எழுதுவதற்கு முன் ஒரு பென்சிலை எடுத்துப் பாருங்கள். என் தங்கை இன்று தன் மகளின் பாடநூல்களைத் தானும் எடுத்து வாசிக்கிறாள். கால் மணி நேரம் ஆனதும் மூடி வைத்துவிடுகிறாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த இரண்டு நிமிடங்களைச் செலவிட எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றட்டும்.