மீசை எப்படிச் சட்டத்துக்குள் வந்தது?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சட்டம், கொள்கை சார்ந்த வேலைக்கு எப்படிப் போவது? டெல்லியில் ஆள் தெரிந்திருக்க வேண்டுமா?" கூட்டம் தொடங்குமுன் ஒரு தங்கை கேட்டார். அவருக்கான பதிலாகவே பேசுகிறேன்.

முதுகலை முடித்த ஆண்டு, ஒரு சட்ட வரைவுக் கலந்தாய்வுக்கு என்னை அழைத்தார்கள். ஊரில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். மதியத்துக்குமேல் வரைவு எழுதும் அமர்வு. அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. பேருந்து ஏறி ஊர் திரும்பினேன். வலியைச் சொல்ல நாம், பிரிவை எழுத வேறொருவர். இந்த ஏற்பாடு மாறத்தான் நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்கிறேன்.

இது நமக்குப் புதிய வேலையும் இல்லை. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இலேயே சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

சமீபத்திய உதாரணம் ஒன்று. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. மனித மாண்பைக் குலைக்கும் செயல் என்ற பொதுவான சொற்களுக்குள் அவற்றை நுழைத்து வாதாட வேண்டியிருந்தது. 2015 திருத்தத்தில்தான் இரண்டும் தனிக் குற்றங்களாயின. சமூகப் புறக்கணிப்பும் சேர்ந்தது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகளுக்கென்று தனி அத்தியாயமே வந்தது. தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வழக்குகளைத் தொகுத்து, எந்த இடத்தில் சட்டம் கைவிடுகிறது என்று காட்டியதன் பலன் இது. நடந்ததை ஒரு பிரிவாக மாற்றுவது. நாம் பேசுகிற வேலை இதுதான்.

பிரிவு வந்தால் மட்டும் போதாது. அந்தச் சட்டம் 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகள் வந்தது 1995இல். ஆகவே சட்டத்தோடு விதிகளையும் படியுங்கள். விதி 17இன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரும் அதில் உறுப்பினர்.

தங்கைக்கு என் பதில்: உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்குங்கள். கடந்த ஓராண்டில் இந்தக் குழு எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள், எத்தனை பேருக்குத் தீருதவி நிலுவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை இரண்டு பக்கக் குறிப்பாக்குங்கள். கடைசியில், சட்டமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை எழுதி உறுப்பினரிடம் கொடுங்கள். நாலு பேரிடம் கொடுத்தால் ஒருவராவது படிப்பார்.

இப்படி மூன்று குறிப்புகள் கையில் இருந்தால், நேர்காணலில் காட்ட உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்களோடு பணியாற்றும் லாம்ப் போன்ற உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு வயது வரம்பு 25. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வயதில்தான் பாதை தெரியவே தொடங்கும். எனவே இளங்கலையிலேயே ஆரம்பியுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். இத்துறையில் பல இடங்களில் சம்பளமில்லாப் பயிற்சியிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து பணம் வருகிறவர் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார், நம்மால் முடியாது. ஊதியம் கேட்க வெட்கப்படாதீர்கள். சாதி ஒழிப்பு பேசும் அமைப்பாக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் கூடுகிறோம். வரும்போது ஆளுக்கொரு மனுவின் நகலோடு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.