கலையாத பெரட்டு

(கெடா தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக்களம் என்றால் நமக்குப் புதிதல்ல. நம்மில் பேனா பிடிப்போர் செக்ரோலில் பெயர் பதிந்தோம். கத்தி பிடிப்போர் நிரைக்குப் போனோம். ஆனால் அந்தப் பெரட்டு கலைந்துவிடும். மாலையில் கோயிலுக்குப் போனோமா, பீடோங் கடைத்தெருவுக்குப் போனோமா, சங்கக் கூட்டத்துக்குப் போனோமா என்று எழுதச் செக்ரோலில் கட்டம் கிடையாது. இன்றோ இரவும் பகலும் கலையாத பெரட்டொன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. அதுதான் கைப்பேசி.

இது எப்படி நடக்கிறது? நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் கைப்பேசி அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது. ஆகவே எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். இரண்டாவது, துணைக்கோள். வானிலிருந்து அது நம்மைப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது தவறு. துணைக்கோள் சமிக்ஞை மட்டுமே அனுப்புகிறது. நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடித்து இடத்தைக் கணக்கிடுவது கைப்பேசியே. மூன்றாவது, அக்கம்பக்கத்து வைஃபை. இப்படிக் கணக்கிட்ட இடத்தை எந்தச் செயலிக்குக் கொடுக்கலாம், எதற்கு மறுக்கலாம் என்று தீர்ப்பது ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எனப்படும் இயக்கு முறை. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவின் வேலை அதனுடையது.

அந்த ஜாகா நம்பத்தக்கவரா? ஐபோன் தன் சொந்தக்காரர் போன இடங்களை ஏறக்குறைய ஓராண்டு வரை பூட்டில்லாத கோப்பொன்றில் சேர்த்து வைத்திருந்தது 2011 ஏப்ரலில் அம்பலமாயிற்று. இட வரலாற்றை நிறுத்திய பிறகும் கூகுள் வேறொரு கணக்கில் இடத்தைப் பதிந்து வந்ததை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதன் பேரில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுக்கக் கூகுள் இணங்கியது. 'பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி' என்ற வழி ஆண்ட்ராய்டில் 2019-இல்தான் வந்தது. மக்கள் கேள்வி கேட்கக் கேட்கத்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது, தோழர்களே!

நம் நாட்டு நிலை என்ன? 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தது தெரியவந்தது. 2025 ஜூனில் இன்னொரு செய்தி வந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான கைப்பேசிப் பதிவுகளைத் தொடர்புப் பல்லூடக ஆணையம் நிறுவனங்களிடம் கேட்டிருந்தது. சுற்றுப்பயணிகளைக் கணக்கிடவும் தொடர்பு வசதியைத் திட்டமிடவுமே கேட்டதாகவும், யாருடைய பெயரும் அதில் இராது என்றும் ஆணையம் விளக்கியது.

பெயரை நீக்கினால் ஆளும் மறைந்துவிடுவாரா? 15 லட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இடமும் நேரமுமாக நான்கு குறிப்பு கிடைத்தால் நூற்றுக்கு 95 பேரைத் தனித்துக் கண்டுவிடலாம் என்றது. இரவில் இன்ன லயம், விடியலில் இன்ன வெட்டுக்காடு, மாதம் ஒருமுறை சுங்கைப்பட்டாணி மருத்துவமனை, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் என்றால் அது யாரென்று தோட்டத்துக் குழந்தையும் சொல்லிவிடுமே!

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நோய்க்கு மருந்து வாங்குவதும், வேறு வேலை தேடிக் கூலிம் தொழிற்சாலைக்குப் போவதும், சங்கத்தில் சேர்வதும் குற்றமல்ல. ஆயினும் அவற்றை மேலிடம் முன்கூட்டியே அறிந்தால் நட்டப்படுவது தொழிலாளியே. அதற்காகக் கைப்பேசியை வீசியெறியச் சொல்லவில்லை. காட்டில் பாம்பு கடித்துக் கிடப்பவரைத் தேடிப் பிடிக்க அதே இடக்குறிப்பு உதவும். கத்தி இருக்கட்டும், அதன் பிடி நம் கையில் இருக்கவேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எதற்காகத் திரட்டுகிறோம் என்று எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கொடுத்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம். நம்மைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டுமென்கிறது. தமிழைப் பற்றிப் பேச்சே இல்லை. சிவராசா ராசையா வழக்கில் 2010-இல் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5-ஆம் விதி தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூறியிருப்பது நமக்குப் பெரும் துணை.

ஆகவே, வருகைப் பதிவுக்குச் செயலி வைக்க எந்த நிர்வாகம் முன்வந்தாலும், கிளைகள் நான்கு கேட்கவேண்டும்: இடம் பதிவது வேலை நேரத்தில் மட்டும், அறிவிப்பு தமிழிலும் வேண்டும், சொந்தக் கைப்பேசியில் செயலியை ஏற்ற மறுப்பவருக்குத் தண்டனை கூடாது, பதிவை எத்தனை நாள் வைத்திருப்பர், யார் பார்ப்பர் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு கைப்பேசியின் அமைப்பைத் திறந்து, இடம் கேட்கும் செயலிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவசியமில்லாததற்கு மறுத்துவிடுங்கள். கோபுரத்துப் பதிவை இதனால் நிறுத்தமுடியாது. செயலிகளின் வாயை அடைக்கலாம். எஞ்சியதைச் சங்கமாக நின்றே கேட்கவேண்டும்.

நாம் கூலிக்கு விற்றது எட்டு மணி நேர உழைப்பு. விற்காத பொழுதுக்குக் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.